ஆற்றுமணலைத் தேக்கப்பாறையாக வாசிப்பது எப்படி: மாணவர்க்கான செய்முறை வழிகாட்டி

மன்னார் வளைகுடாவிலோ பாக்கு நீரிணையிலோ எண்ணெய் தேடும் செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே எழும் முதற் கேள்வி, "அங்கே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது?" என்பதுதான். அத்துறையில் வேலை செய்பவர்கள் அதற்கு முன்பே வேறொன்றைக் கேட்டுவிடுவார்கள்: எண்ணெயையோ எரிவாயுவையோ தாங்கிநிற்கும் மணற்கல் எத்தகையது, அந்த மணலை எந்த ஆறு, எந்தப் பாறையிலிருந்து, எவ்வளவு தூரம் கொண்டுவந்தது? உலகின் பெரிய எண்ணெய் வயல்கள் பலவற்றில், எண்ணெயைத் தன் துளைகளில் தேக்கிவைக்கும் தேக்கப்பாறையாக இருப்பது ஒரு காலத்தில் ஆற்றின் படுக்கையில் கிடந்த மணல். அலாஸ்காவில் 1968இல் கண்டறியப்பட்ட புரூடோ பே வயலின் முதன்மைத் தேக்கப்பாறை பெரும்பாலும், பல கிளைகளாகப் பிரிந்து மீண்டும் இணைந்தோடும் பின்னலாறுகள் விட்டுச்சென்ற மணலும் பரலும் ஆகும். ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயலின் எண்ணெயும் பத்தேகர் அமைப்பின் ஆற்று மணற்கற்களிலேயே தங்கியுள்ளது.

இவ்வழிகாட்டி, கையில் எடுத்த ஒரு பிடி ஆற்றுமணலைக் கொண்டு, அதே மணல் புதைந்து பாறையானால் எவ்வகைத் தேக்கப்பாறையாகும் என்று படிப்படியாக மதிப்பிடுவதற்கானது. உயர்தர வகுப்பில் புவியியலோ பௌதிகவியலோ படிப்பவர்களும், பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் இருப்பவர்களும் செய்துபார்க்கக்கூடிய அளவிலேயே சோதனைகளைத் தந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். பாறையில் எத்தனை சதவீதம் வெற்றிடம் உண்டு என்பதையே பலரும் தரத்தின் அளவுகோலாகக் கொள்கிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய கேள்வி, ஆறு தன் களியை எங்கே விட்டுச்சென்றது என்பதாகும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் அந்தக் கேள்வியையே சுற்றிவருகின்றன.

எந்த மணலை எடுப்பது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் என்பதால், இங்கே ஆற்றுமணல் தேடுவது எளிதன்று. வழுக்கையாறு மாரிகாலத்தில் மட்டும் ஓடுவது. அது கொண்டுவருவதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் மேல் விளைந்த செம்மண்ணும் களியுமே. மணற்காட்டின் மணல் காற்றால் குவிந்தது. தீவுப்பகுதிக் கரைமணலில் சிப்பியும் பவளத்துண்டும் கலந்திருக்கும். உண்மையான ஆற்றுமணல் வேண்டுமானால் வன்னிக்குப் போகவேண்டும்: இரணைமடுவுக்கு வரும் கனகராயன் ஆறு, மன்னார்ப் பக்கம் பறங்கியாறு, அரிப்புக்கு அருகே கடலை அடையும் அருவியாறு ஆகியவை நல்ல தெரிவுகள். இவற்றின் மேல்நிலப் பரப்பில் இருப்பவை கேம்பிரியன் காலத்துக்கும் முற்பட்ட நைஸ் முதலான உருமாறிய பாறைகள்.

ஐந்தாம் ஆறாம் மாதங்களுக்குப் பின், படுக்கை வெளித்தெரியும் கோடைகாலத்தில் போவது நல்லது. குளத்துக்கு மேற்புறத்தில், அதாவது ஆறு குளத்தில் விழுவதற்கு முன், மாதிரியை எடுக்கவும். குளங்கள் பருமணலைத் தம்முள் தடுத்துவிடுவதால், அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் மணல் ஆற்றின் இயல்பான சுமையைக் காட்டாது. ஆற்றின் நடுத்திட்டிலிருந்து ஒன்று, வளைவின் உட்கரையிலிருந்து ஒன்று, வெள்ளம் ஏறி வடிந்த கரைமேட்டிலிருந்து ஒன்று என மூன்று மாதிரிகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ அளவு. ஒப்பிடுவதற்காக மணற்காட்டு மணலில் ஒரு போத்தல் வைத்துக்கொள்வது மிகவும் பயன்படும். மணல் வியாபாரம் எவ்வளவு சிக்கலான விடயமாகிவிட்டது என்பது வடக்கில் அனைவரும் அறிந்ததே. ஆகவே கல்வித் தேவைக்கான சிறு அளவாயினும், அவ்விடத்துக் கிராம அலுவலருக்குச் சொல்லிவிட்டு எடுப்பது தேவையற்ற சந்தேகங்களைத் தவிர்க்கும்.

மாதிரியில் சிப்பி கலந்திருக்கிறதா என்று அறிய, ஒரு கரண்டி மணலில் விநாகிரி ஊற்றிப் பார்க்கவும். நுரை எழுந்தால் சுண்ணாம்புப் பொருள் உண்டு. அது மண்ணுள் புதைந்தபின் கரைந்து வேறோரிடத்தில் கல்சைட்டாக இறுகி மணற்றுணிக்கைகளைப் பிணைக்கும். சில இடங்களில் மணற்கல்லைத் துளையற்ற பலகை போலாக்கிவிடும்.

கனிமங்களை எண்ணுதல்

கழுவி உலர்த்திய மணலில் ஒரு சிட்டிகையைக் கறுப்புத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லையால் பார்க்கவும். கண்ணாடி போல் தெளிந்து, உடைந்த இடத்தில் ஒழுங்கற்ற வளைவுகளைக் காட்டுவது குவாட்ஸ். பால்வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, தட்டையான முகங்களில் ஒளியைத் திருப்பியனுப்புவது பெல்ட்ஸ்பார். மெல்லிய தகடுகளாக மினுங்குவது மைக்கா. செந்நிறக் கண்ணாடித் துணிக்கைகள் கார்னெற். கரும் பாரமான துணிக்கைகள் பெரும்பாலும் இல்மனைற். முந்நூறு துணிக்கைகளை எண்ணிச் சதவீதங்களைக் குறித்துக்கொள்ளவும். எண்ணுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் எதையும் விளக்க முடியாமற் போகும்.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், மேலே மணல் ஒரே மாதிரித் தோன்றினாலும், இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு கனிமமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். குவாட்ஸ் கடினமானது; சுமை ஏற ஏறத் துணிக்கைகள் நெருங்குமேயன்றி நசியா. மைக்காவும், களிக்கல் துண்டுகளும், எரிமலைப் பாறைத் துண்டுகளும் வளைந்தும் நசிந்தும் பக்கத்துத் துளைகளுக்குள் பிதுங்கும். அத்தகைய மென்துணிக்கைகள் அதிகமான மணல், தொடக்கத்தில் எவ்வளவு வெற்றிடத்தோடு இருந்தாலும், புதைவின் முதற்கட்டத்திலேயே அதைப் பெருமளவு இழந்துவிடும்.

பெல்ட்ஸ்பார் இரு முகம் கொண்டது. அமிலத்தன்மையுள்ள நிலத்தடிநீரில் அது கரைந்து புதிய துளைகளை உண்டாக்கும். அதே நேரத்தில் கரைந்த பொருளிலிருந்து கயோலினைட் என்னும் களிக்கனிமம் பக்கத்திலேயே விளையும். எனவே மொத்த வெற்றிடம் அவ்வளவாகக் கூடுவதில்லை. பெரிய துளைகளின் இடத்தை நுண்ணிய துளைகள் பிடித்துக்கொள்ளும். ஆழம் கூடும்போது பொற்றாசியம் நிறைந்த பெல்ட்ஸ்பாரும் கயோலினைட்டும் சேர்ந்து இலைட் என்னும் வேறொரு களிக்கனிமமாக மாறுவது இன்னும் தீமையானது. அதைப் பற்றிப் பின்னால் வரும்.

ஆறு எந்தப் பாறையை அரிக்கிறது என்பதும், அந்நிலத்தின் காலநிலையும் சேர்ந்தே இந்தக் கலவையைத் தீர்மானிக்கின்றன. காவேரி பெரும்பாலும் நைஸ், சார்னொக்கைற் போன்ற பாறைகளை அரிப்பதால் அதன் மணலில் குவாட்ஸும் பெல்ட்ஸ்பாரும் மிகுந்திருக்கும். கோதாவரியும் கிருஷ்ணாவும் தக்காணத்து எரிமலைப்பாறைப் பரப்பையும் வடித்துவருவதால், அவற்றின் வண்டலில் ஸ்மெக்டைட் என்ற, நீரில் வீங்கும் களி அதிகம். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில், ஆறு மெதுவாக ஓடி மண்ணைச் சமவெளியில் நெடுங்காலம் தங்கவைத்தால், பெல்ட்ஸ்பார் சிதைந்து குவாட்ஸ் மட்டும் எஞ்சும். வன்னி ஆறுகள் உலர்வலயத்தில் ஓடுவன, அதிக நீளமும் இல்லாதன. அவற்றின் மணலில் பெல்ட்ஸ்பார் இன்னும் உயிரோடிருப்பதைக் கைவில்லையிலேயே காணலாம்.

அளவும் சீர்மையும்

அடுத்தது அரிதட்டு வேலை. துணிக்கையின் அளவு 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் பரல். 2 முதல் 0.0625 மில்லிமீற்றர் வரை மணல். அதற்குக் கீழே 0.004 மில்லிமீற்றர் வரை மண்டி. அதனினும் சிறியது களி. மணலுக்குள்ளேயே 1, 0.5, 0.25, 0.125 மில்லிமீற்றர் என்ற எல்லைகள் மிகப்பருமணல் தொடங்கி மிகநுண்மணல் வரை பிரிக்கின்றன. இந்த அளவுகளில் துளையுள்ள அரிதட்டுகள் பெரும்பாலான மண் ஆய்வுகூடங்களில் இருக்கும். நூறு கிராம் உலர்மணலைப் பத்து நிமிடம் குலுக்கி, ஒவ்வொரு தட்டிலும் தங்கியதை நிறுத்து, பருமனானதிலிருந்து நுண்ணியதை நோக்கித் திரட்டுச் சதவீதமாக வரைபு வரையவும்.

அளவைப் பை அலகில் குறிப்பது வழக்கம். மில்லிமீற்றர் அளவை இரண்டின் அடுக்காக எழுதி, அவ்வடுக்கின் குறியை மாற்றினால் அதுவே பை மதிப்பு. ஆகவே 1 மில்லிமீற்றர் என்பது 0 பை, 0.5 என்பது 1, 0.25 என்பது 2, 0.125 என்பது 3. ரொபேட் போக், வில்லியம் வார்ட் ஆகியோர் 1957இல் வெளியிட்ட முறைப்படி சீர்மையை, அதாவது துணிக்கைகள் எவ்வளவுக்கு ஒரே பருமனாக உள்ளன என்பதை, கணிக்கலாம். திரட்டு வரைபில் 84 சதவீதத்துக்குரிய பை மதிப்பிலிருந்து 16 சதவீதத்துக்குரியதைக் கழித்து 4ஆல் வகுக்கவும். 95இலிருந்து 5ஐக் கழித்து 6.6ஆல் வகுக்கவும், இரண்டையும் கூட்டவும். விடை 0.5க்குக் குறைந்தால் நன்கு சீரானது. 1க்கு மேற்பட்டால் சீரற்றது. காற்றுப் புடைத்தெடுத்த மணற்காட்டு மணலுக்கும் ஆற்றின் நடுத்திட்டு மணலுக்கும் இந்த எண்ணில் எவ்வளவு வேறுபாடு வருகிறதென்று பார்த்தால், ஒப்பீட்டுப் போத்தலின் பயன் விளங்கும்.

இந்த இடத்தில்தான் பொதுவான ஒரு மயக்கம் வருகிறது. பெரிய துணிக்கைகளிடையே பெரிய இடைவெளி; ஆகவே பருமணலில் வெற்றிடம் அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படியன்று. ஒரே பருமனுள்ள உருண்டைகளை மிகத் தளர்வாக அடுக்கினால் 47.6 சதவீதமும், மிக இறுக்கமாக அடுக்கினால் ஏறத்தாழ 26 சதவீதமும் வெற்றிடம் இருக்கும். உருண்டை கடுகளவாயினும் தேங்காயளவாயினும் இது மாறாது. பியர்ட், வைல் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட அளவீடுகளில், மிகமிகச் சீரான ஈரமணலின் நுண்துளைமை (வெற்றிடச் சதவீதம்) சராசரியாக 42.4 சதவீதமாகவும், மிகவும் சீரற்ற மணலில் 27.9 சதவீதமாகவும் இருந்தது. சீர்மை ஒன்றாக இருந்தபோது, துணிக்கையின் அளவை மாற்றியதால் நுண்துளைமை பெரிதாக மாறவில்லை. சீர்மை குலைந்தால் நடப்பது, கொங்கிறீற் குழைக்கும் மேசன்மார் சல்லியின் இடைவெளிகளை மணலாலும் மணலின் இடைவெளிகளைச் சீமெந்தாலும் நிரப்புவதை ஒத்தது. அங்கே விரும்பத்தக்க நிரம்பல், எண்ணெய்த் தேக்கத்துக்குக் கேடாகிறது.

நுண்துளைமையை நீங்களே அளக்கலாம். கொள்ளளவு தெரிந்த ஒரு பாத்திரத்தை உலர்மணலால் நிரப்பி, பக்கங்களில் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தி நிறுக்கவும். 500 மில்லிலீற்றர்ப் பாத்திரத்தில் 800 கிராம் மணல் பிடித்தால், பருமன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.6 கிராம். குவாட்ஸின் அடர்த்தி 2.65. 1.6ஐ 2.65ஆல் வகுத்து 1இலிருந்து கழித்தால் 0.396, அதாவது ஏறத்தாழ 40 சதவீதம் வெற்றிடம். மாதிரியில் இல்மனைற், கார்னெற் போன்ற பாரக் கனிமங்கள் மிகுந்திருந்தால் இக்கணக்கு வெற்றிடத்தைக் குறைத்துக் காட்டும். அப்போது நீர் ஊற்றி நிரப்பி, பிடித்த நீரின் கனவளவை அளப்பதே நல்லது. துணிக்கைகளின் உருண்டைத்தன்மையும் கணக்கில் வரும். கூர்விளிம்புள்ள துணிக்கைகள் தொடக்கத்தில் தளர்வாக அடுக்கப்படும், ஆனால் சுமை ஏறும்போது விரைவில் இறுகும். இதன் விளைவு சீர்மையின் விளைவைவிடச் சிறியது என்பதால், இங்கே அதிகம் சொல்லவில்லை.

நீர் எவ்வளவு எளிதாக ஊடுசெல்கிறது

நுண்துளைமை எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. ஊடுபுகவிடும் இயல்பு எவ்வளவு விரைவில் வெளியே வரும் என்பதைச் சொல்கிறது. துணிக்கையின் அளவு பழிவாங்குவது இங்கேதான். ஊடுபுகவிடும் இயல்பு ஏறத்தாழத் துணிக்கை விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமனாக மாறுவதால், விட்டம் பாதியானால் அது நான்கிலொன்றாகும். வெற்றிடம் 40 சதவீதமாகவே இருக்கலாம். ஆனால் துளைகளை இணைக்கும் கழுத்துகள் ஒடுங்கிவிடும். ஒடுங்கிய துளைகள் நீரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டா என்பதால், அதே வெற்றிடத்தில் எண்ணெய்க்குக் கிடைக்கும் பங்கும் குறையும்.

சோதனைக்கு ஒரு லீற்றர்ப் பிளாஸ்ரிக் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் மெல்லிய துணி கட்டி, 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் நிரப்பவும். முதலில் கீழிருந்து நீரை ஏற்றிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றவேண்டும். இதைச் செய்யாவிட்டால் அளவு பாதியாகக்கூடக் குறைந்து காட்டும். பின் மேலிருந்து நீர் ஊற்றி, நீர்மட்டம் மாறாமல் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் வடியும் நீரைச் சேகரிக்கவும். 1856இல் ஹென்றி டார்சி, டிஜோன் நகரின் நீர்வழங்கல் குறித்த தம் அறிக்கையில் தந்த விதிப்படி, வினாடிக்கு வடியும் நீரை மணல் உயரத்தால் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பும் நீர்மட்ட வேறுபாடும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் கடத்துதிறன் கிடைக்கும். பரப்பு 50 சதுர சென்ரிமீற்றர், மட்ட வேறுபாடு 20 சென்ரிமீற்றர், நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர் எனில், விடை வினாடிக்கு 0.05 சென்ரிமீற்றர். ஊடுபுகவிடும் இயல்பின் அலகு டார்சி; 20 பாகை செல்சியசில் ஒரு டார்சி ஏறத்தாழ வினாடிக்கு 0.001 சென்ரிமீற்றருக்குச் சமன் என்பதால், இது சுமார் 50 டார்சி. ஆனால் நம்மூர் நீர் 30 பாகைக்கு அண்மையில் இருக்கும். அதன் பாகுநிலை குறைவு. ஆகவே விடையை 1.25ஆல் வகுத்து 40 டார்சி என்று கொள்ளவேண்டும். துணியே ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று அறிய, துணி மட்டும் இருக்கும்போது நீர் எவ்வளவு விரைவாக வடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

தளர்ந்த மணலில் பத்துக்கணக்கான டார்சிகள் வருவதைக் கண்டு மயங்கவேண்டாம். நல்ல எண்ணெய்த் தேக்கப்பாறைகளே பெரும்பாலும் சில நூறு மில்லிடார்சி முதல் சில டார்சி வரையில்தான் இருக்கும். ஒரு டார்சி என்பது ஆயிரம் மில்லிடார்சி. எரிவாயுவின் பாகுநிலை மிகக் குறைவு என்பதால், அது எண்ணெயைவிட மோசமான பாறையிலிருந்தும் வரும். இருந்தும் 0.1 மில்லிடார்சிக்குக் கீழே போனால், பாறையைச் செயற்கையாக விரிசலிடாமல் பயனளிக்கும் அளவு வாயுவை எடுப்பது அரிது.

களியின் அளவும் வகையும்

கழுவாத மாதிரியில் நூறு கிராமை உயரமான கண்ணாடிப் போத்தலில் இட்டு, 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் ஊற்றிக் குலுக்கி வைக்கவும். சுமார் ஒரு நிமிடத்தில் மணல் முழுவதும் அடியில் தங்கிவிடும். அதன்மேல் மண்டி படிந்து முடிய மூன்று நான்கு மணித்தியாலங்கள் செல்லும். அதற்குப் பிறகும் நீரைக் கலங்கலாக்கிக்கொண்டிருப்பது களி.

யாழ்ப்பாணத்தில் இச்சோதனையைக் கிணற்றுநீரில் செய்யக்கூடாது. சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நம் கிணற்றுநீரில் கல்சியம் மிகுதி. அது களித்துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாக்கிவிடும். திரண்ட களி மண்டியின் வேகத்தில் கீழிறங்கி, களியே இல்லை என்ற பொய்யான முடிவைத் தரும். மழைநீரையோ, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சிவடித்த நீரையோ பயன்படுத்தவும். விரும்பினால் இரண்டாவது போத்தலில் கடல்நீரேரி நீரை ஊற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆற்றுநீரில் மிதந்துவந்த களி, கழிமுகத்தில் உப்புநீரைக் கண்டதும் ஏன் திரண்டு விழுகிறது என்பதும், கழிமுக மணல்களில் களிப்படலங்கள் ஏன் மிகுந்திருக்கின்றன என்பதும் அந்த இரண்டு போத்தல்களிலேயே தெரிந்துவிடும்.

அளவு ஒருபுறமிருக்க, வகையையும் கவனிக்கவேண்டும். ஸ்மெக்டைட் நன்னீர் பட்டால் வீங்கும். அதனால்தான் அத்தகைய மணற்கல்லைத் துளைக்கும்போது பொற்றாசியம் குளோரைட்டு கலந்த துளைச்சேற்றைப் பயன்படுத்துகிறார்கள். கயோலினைட் துளைகளில் தாள்க்கட்டுகள் போலத் தனித்தனியே நிற்கும். ஓட்டம் வேகமாகும்போது பெயர்ந்துபோய்க் கழுத்துகளை அடைக்கும். இலைட், 120 பாகையை அண்மிக்கும் வெப்பநிலைகளிலிருந்து மயிரிழை போல் வளர்ந்து துளைகளின் குறுக்கே பின்னிக்கொள்ளும். அதன் கனவளவு மிகக் குறைவு. நுண்துளைமை ஏறக்குறைய அப்படியே இருக்க, ஊடுபுகவிடும் இயல்பு பல மடங்கு வீழ்ந்துவிடும்.

குளோரைட் என்னும் களிக்கனிமம் மட்டும் இதற்கு விலக்கு. அது மணற்றுணிக்கையின் மேல் மெல்லிய தோலாகப் படிந்தால், அதன்மேல் குவாட்ஸ் வளர்ந்து துளையை அடைப்பதைத் தடுக்கும். ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே டஸ்கலூசா அமைப்பின் மணற்கற்கள் ஆறு கிலோமீற்றர் அளவு ஆழத்திலும் நல்ல நுண்துளைமையோடு இருப்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. ஆகவே களி என்றவுடன் கெட்டது என்று முடிவுகட்டவும் இயலாது.

கரையை வெட்டிப் பார்த்தல்

ஒரு பிடி மணலின் சோதனை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அது ஆற்றின் அடுக்கமைவைக் காட்டாது. என் எண்ணத்தில் இந்தப் படியே எல்லாவற்றிலும் பயனுள்ளது. பெரும்பாலும் தவறவிடப்படுவதும் இதுவே. ஆற்றின் உட்கரையில் ஒரு மீற்றர் உயரமுள்ள வெட்டுமுகத்தை மண்வெட்டியால் செங்குத்தாகச் செப்பனிட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் அடுக்கின் தடிப்பு, பருமன், நிறம், சாய்வு ஆகியவற்றை எழுதவும். அடியில் பரலும் களியுருண்டைகளும், அதன்மேல் சாய்படைகளுடன் பருமணல், பின்னர் நுண்மணல், உச்சியில் மண்டியும் வேரும் என்று மேல்நோக்கி நுண்மையானால், அது வளைந்தோடும் ஆற்றின் உட்கரைத் திட்டு. பரலும் பருமணலும் திரும்பத்திரும்ப வெட்டிக்கொண்டு, களி அரிதாகவே தென்பட்டால் அது பின்னலாற்றின் இயல்பு.

இவ்விரண்டுக்கும் தேக்கப்பாறையாக உள்ள வேறுபாடு பெரிது. பின்னலாறு பக்கவாட்டில் ஓயாமல் இடம்மாறுவதால், மணற்படைகள் ஒன்றன்மேலொன்றாக இணைந்து அகன்ற விரிப்பாகும். எங்கே கிணறு தோண்டினாலும் மற்றக் கிணற்றோடு தொடர்பு இருக்கும். வளைந்தோடும் ஆற்றில் மணல் தனித்தனி வளைவுகளாக வெள்ளச்சமவெளிக் களிக்குள் புதைந்துகிடக்கும். உட்கரைத் திட்டுக்குள்ளேயும் ஒவ்வொரு வெள்ளத்தின் முடிவிலும் படிந்த களிப்படலங்கள் சாய்வாகக் குறுக்கிடும். கனடாவின் அதபாஸ்கா எண்ணெய் மணலில், மக்மரே அமைப்பின் பெருந்திட்டுகளில் இத்தகைய சாய்வுப் படைகள், எண்ணெயை இளக்க நீராவி பாய்ச்சுபவர்களுக்குப் பெருந்தலையிடி.

ஒரு களிப்படலம் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 99 சென்ரிமீற்றர் மணலின் ஊடுபுகவிடும் இயல்பு 1000 மில்லிடார்சி என்றும், நடுவே ஒரே ஒரு சென்ரிமீற்றர்க் களியினது 0.001 மில்லிடார்சி என்றும் கொள்வோம். கிடைத்திசையில் சராசரி 990 மில்லிடார்சி. களி இருப்பதே தெரியாது. நிலைக்குத்துத் திசையிலோ, ஒவ்வொரு படையின் தடிப்பையும் அதன் ஊடுபுகவிடும் இயல்பால் வகுத்துக் கூட்டி, மொத்தத் தடிப்பை அக்கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது 0.1 மில்லிடார்சி. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். நுண்துளைமையின் சராசரியில் இந்த ஒரு சென்ரிமீற்றர் ஒரு சதவீதத்தைக்கூட அசைக்காது. ஆகவே வெட்டுமுகத்தில் ஒவ்வொரு களிப்படலத்தையும், அது பக்கவாட்டில் எத்தனை மீற்றர் தொடர்கிறது என்பதையும் குறிக்காமல் திரும்பவேண்டாம்.

புதைவின் கணக்கு

புதையும்போது இரண்டு நடக்கின்றன. முதலாவது, சுமையால் துணிக்கைகள் நெருங்குதல். கடினமான, சீரான குவாட்ஸ் மணல், இரண்டு கிலோமீற்றரைக் கடக்கும்போது துணிக்கைகளிடை இடத்தில் 40 சதவீதத்திலிருந்து 26 சதவீதம் அளவுக்கு இறங்கி, அதன்பின் பெரிதாக இறுகுவதில்லை. இரண்டாவது, 70, 80 பாகையைத் தாண்டியதும் குவாட்ஸ் சீமெந்து வளரத் தொடங்குதல். முதலாவதைச் சுமையும், இரண்டாவதை வெப்பமும் அது நீடித்த காலமும் தீர்மானிக்கின்றன. உங்கள் மாதிரியில் மென்துணிக்கைகள் எத்தனை சதவீதம் என்ற எண்ணிக்கையை இங்கே எடுத்துவைத்துப் பாருங்கள். 26 என்ற எல்லையிலும் கீழே போகுமா என்பதை அதுவே சொல்லும்.

ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் கவனம் வேண்டும். 2011இல் மன்னார் வடிநிலத்தில் கெய்ர்ன் நிறுவனம் துளைத்த டொராடோ கிணற்றில், ஏறத்தாழ 3,044 முதல் 3,069 மீற்றர் வரையான ஆழத்தில், மணற்கல்லில் எரிவாயு கண்டறியப்பட்டது. மூன்று கிலோமீற்றர் என்றவுடன் மிக இறுகிய பாறை என்று தோன்றும். ஆனால் அவ்விடத்தில் கடலின் ஆழமே சுமார் 1,350 மீற்றர். மணற்கல்லின் மேல் உண்மையில் கிடந்த அடையலின் தடிப்பு 1,700 மீற்றர் அளவே. நீர்த்தூண் துணிக்கைகளை நெருக்குவதில்லை. ஆழ்கடல் அடித்தளம் குளிர்ந்தும் இருக்கும். ஆகவே கடல்மட்டத்திலிருந்தன்றி, கடலடித்தளத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டு, கிலோமீற்றருக்கு 30 பாகை என்ற பொதுமதிப்பை முதற்கணிப்பாகக் கொள்ளலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அந்த மணற்கற்கள் கிரித்தேசியக் காலத்தவை, ஆறுகள் கரைக்குக் கொண்டுவந்த மணல், ஆழ்கடலுக்குச் சரிந்து படிந்தவை. அன்றைய ஆறுகள் இன்றைய அருவியாறோ காவேரியோ அல்ல. மூலப்பாறையின் தன்மையை ஒப்பிடலாம். ஆற்றின் பாதையை ஒப்பிடக்கூடாது.

கிணற்றுப் பதிவில் மணலைத் தேடும்போது

கடலடியில் வெட்டுமுகம் கிடையாது. கிணற்றுக்குள் இறக்கிய கருவிகளின் பதிவே கிடைக்கும். பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் காமாக் கதிர்ப் பதிவில் களி உயர்ந்த அளவையும் தூய மணல் குறைந்த அளவையும் காட்டும். மேல்நோக்கி அளவு படிப்படியாகக் கூடினால் மணி வடிவம். அது நீங்கள் உட்கரையில் எழுதிய அதே நுண்மையாகும் வரிசை. அடியிலிருந்து உச்சிவரை குறைந்தே நின்றால் உருளை வடிவம். பின்னலாற்று விரிப்பாக இருக்கலாம்.

ஆனால் இவ்வாசிப்பைக் கனிம எண்ணிக்கையோடு சேர்த்தே செய்யவேண்டும். பொற்றாசியம் கதிரியக்கமுடையது, பொற்றாசியப் பெல்ட்ஸ்பாரும் மைக்காவும் மிகுந்த மணல், களி ஒரு துளியும் இல்லாமலே களி போன்ற பதிவைத் தரும். புல்மோட்டைக் கரைமணலில் இல்மனைற், றூட்டைல், சிர்க்கனோடு காணப்படும் மொனசைற் தோரியம் கொண்டது; அதே வகைப் பாரக் கனிமங்கள் ஒரு பழைய ஆற்றுத்திட்டில் திரண்டிருந்தால், மிகச் சிறந்த மணலே காமாப் பதிவில் மிக மோசமான களியாகத் தோன்றும். நம்முடைய நைஸ் பாறைகளிலிருந்து வந்த எந்த மணலிலும் இந்த ஐயம் இருக்கவேண்டும். பொற்றாசியத்தையும் தோரியத்தையும் யுரேனியத்தையும் பிரித்துக் காட்டும் நிறமாலைக் காமாப் பதிவு இருந்தால் முதலில் அதைப் பார்க்கவும். அது இல்லாவிடில், அடர்த்திப் பதிவையும் நியூத்திரன் பதிவையும் அருகருகே வைத்து, இரண்டும் களிக்குரிய அகன்ற இடைவெளியைக் காட்டாத இடத்தில், காமா எவ்வளவு உயர்ந்திருந்தாலும், அப்பகுதியைக் களி என்று வெட்டி ஒதுக்காமல், துளைக்கும்போது மேலே வரும் பாறைத்துகள்களை எடுத்துக் கைவில்லையின் கீழே மறுபடியும் எண்ணவும்.